மூன்றாவது கம்பியை மறவாதீர்!



அம்மியும் ஆட்டுரலும் அடுப்பங்கரையை விட்டு அகன்று நெடுங்காலமாகிவிட்டது. விறகடுப்பின் இடத்துக்கு மண்ணெண்ணெய் ஸ்டவ் வந்தது. அதன் இடத்துக்கு எரிவாயு வந்தது. இப்போது எரிவாயு அடுப்புக்குப் பக்கத்திலேயே இண்டக்‌ஷன் அடுப்பு என்னும் மின்னடுப்பும் இடம் பிடித்துவிட்டது. சோறு வடிக்க ஒரு மின்கருவி, தண்ணீர் காய்ச்ச மற்றொன்று, மாவரைக்க ஒன்று, மசாலா அரைக்க ஒன்று என்று நமது சமையற்கட்டு மின்சாரத்தை நம்பி நிற்கும் இடமாக மாறிவிட்டது.

இவற்றை வாங்கும்போது என்ன பார்க்கிறோம்? விலையைப் பார்க்கிறோம். நிறத்தைப் பார்க்கிறோம். எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்று கேட்கிறோம். ஆனால் அந்தக் கருவியைச் செருகப்போகும் சுவரிலுள்ள மூன்று துளைகளைப் பற்றி யாரும் கேட்பதில்லை. மூன்றில் மேலே இருக்கும் பெரிய துளைக்குப் பின்னால் கம்பி இருக்கிறதா, இருந்தால் அது எங்கே போய் முடிகிறது என்று கேட்பவர் மிக மிகக் குறைவு. அந்த ஒரு கேள்வியின் மீதுதான் வீட்டாரின் உயிர் நிற்கிறது என்பதை எடுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மேட்டூரிலிருந்து அடுப்பங்கரை வரை

சேலம், நாமக்கல் வட்டாரத்தாருக்கு மின்சாரம் புதிய விருந்தாளி அன்று. 1934இல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்டது. 1937இல் அங்கே நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. பிற்காலத்தில் பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் விசைத்தறிகள் பெருகின. வீட்டு முன்கட்டில் தறியும் பின்கட்டில் அடுப்புமாக வாழும் குடும்பங்கள் இங்கே ஏராளம்.

எனினும் நமது பழைய வீடுகளில் கம்பி இழுக்கப்பட்டது விளக்குக்காகத்தான். அறைக்கு ஒரு பல்பு, கூடத்தில் ஒரு மின்விசிறி, அலமாரியருகே வானொலிக்கு ஒரு பிளக் பாயிண்ட். அன்றைய தேவைக்கு அது போதும். பிறகு மிக்ஸி வந்தது, கிரைண்டர் வந்தது. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு மின்விசிறி, மிக்ஸி, கிரைண்டர் ஆகியவற்றை விலையில்லாமல் வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. அதன் வாயிலாக, கிரைண்டரை விலை கொடுத்து வாங்க வசதியற்ற வீடுகளுக்கும் அது போய்ச் சேர்ந்தது. 2016 முதல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரம் கட்டணமின்றிக் கிடைத்தது. கருவிகள் பெருகின, மின்சாரமும் கைக்கெட்டியது. ஆனால் சுவருக்குள் ஓடும் கம்பி மட்டும் பல வீடுகளில் வானொலிக் காலத்துக் கம்பியாகவே இருக்கிறது.

இந்தியாவில் மின்சாரம் தாக்கி இறப்போர் தொகை ஆண்டுக்குப் பத்தாயிரத்தைத் தாண்டிவிட்டதைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் காட்டுகின்றன. வயலில் அறுந்து விழுந்த கம்பியால் இறந்தவர்களும் கட்டுமானப் பணியில் இறந்தவர்களும் அதில் அடக்கம். வீட்டில் இறந்தவர்களும் அதில் அடக்கம். வயலில் அறுந்து கிடக்கும் கம்பியைக் கண்டால் ஒதுங்கிப் போகிறோம். வீட்டுக் கிரைண்டரையோ அச்சமின்றித் தொடுகிறோம்.

முதற் கணக்கு: எத்தனை வாட்?

ஒவ்வொரு மின்கருவியின் அடியிலும் முதுகிலும் ஒரு சிறு தகடோ ஒட்டுத்தாளோ இருக்கும். அதில் எத்தனை வாட் என்று எழுதியிருக்கும். அந்த எண்ணை நமது வீட்டு மின்னழுத்தமான 230 வோல்ட்டால் வகுத்தால், அந்தக் கருவி இழுக்கும் மின்னோட்டம் ஆம்பியரில் கிடைக்கும். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் எளிய கணக்கு இது.

சோறு வடிக்கும் குக்கர் 700 வாட் என்றால் 3 ஆம்பியர். தண்ணீர் காய்ச்சும் கெட்டில் 1500 வாட் என்றால் ஆறரை ஆம்பியர். இண்டக்‌ஷன் அடுப்பு 2000 வாட் என்றால் ஏறத்தாழ 8.7 ஆம்பியர். கையடக்க அளவில் மேசைமேல் உட்காரும் கிரைண்டர் சில நூறு வாட்டுக்குள் அடங்கிவிடும்.

நமது சுவர்களிலுள்ள பாயிண்ட்கள் இரு வகை. சிறியது 6 ஆம்பியருக்கானது. பெரியது, மக்கள் 'பவர் பாயிண்ட்' என்று சொல்வது, 16 ஆம்பியருக்கானது. குக்கரைச் சிறிய பாயிண்டில் செருகலாம். கெட்டிலையும் இண்டக்‌ஷன் அடுப்பையும் செருகலாகாது. மின்னடுப்புக்குப் பெரிய மூன்று முள் ப்ளக் வைத்து விற்பதே இதற்காகத்தான். அந்தப் பெரிய ப்ளக் சிறிய துளையில் நுழையவில்லை என்று கடைக்குப் போய் ஒரு 'கன்வர்ட்டர்' வாங்கி வந்து மாட்டுகிறார்கள். ப்ளக் நுழைந்துவிடும், சுவருக்குள் இருக்கும் கம்பி மட்டும் பருத்துவிடாது.

தாங்கக்கூடிய அளவுக்கு மேல் மின்சாரம் ஓடினால் கம்பி சூடாகும். அதைவிடக் கொடியது தளர்ந்த இணைப்பு. ப்ளக் முள் துளைக்குள் ஆடிக்கொண்டிருந்தாலோ, திருகாணி இறுகாமல் இருந்தாலோ, அந்த இடத்தில் ஒரு சிறு தடை உண்டாகிறது. அரை ஓம் தடை என்று வைத்துக்கொள்வோம். அதன் வழியே 8.7 ஆம்பியர் ஓடினால் அந்த ஒரு புள்ளியில் மட்டும் ஏறத்தாழ 38 வாட் வெப்பம் பிறக்கும். வானொலி பழுது பார்ப்பவர் ஈயம் உருக்கும் சாலிடரிங் அயர்னின் வெப்பம் அது. அதை ஒரு பிளாஸ்டிக் சாக்கெட்டுக்குள் வைத்து அரைமணி நேரம் பிரியாணி சமைத்தால் என்ன ஆகும்? சாக்கெட் பழுப்பாவதும், கருகிய மீன் போன்ற வாடை வருவதும், ப்ளக்கைத் தொட்டால் சுடுவதும் இதன் அறிகுறிகள். பழைய வீடுகளிலுள்ள அலுமினியக் கம்பிகளின் இணைப்புகள் நாளடைவில் தளரும் இயல்புடையவை. அத்தகைய வீடுகளில் இன்னும் கூடுதலான கவனம் தேவை.

பியூஸ் யாரைக் காக்கிறது?

"எங்கள் வீட்டில்தான் பியூஸ் இருக்கிறதே, எம்.சி.பி. இருக்கிறதே, ஏதாவது ஆனால் தானே விழுந்துவிடுமே" என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். இந்த நிம்மதி பாதிதான் சரியானது.

பியூஸும் எம்.சி.பி.யும் கம்பியைக் காக்கப் பிறந்தவை. கம்பி தாங்காத அளவு மின்சாரம் ஓடும்போது அவை துண்டிக்கும். அதனால் கம்பி தீப்பிடிக்காமல் தப்பும். மனித உடலைக் காப்பது அவற்றின் வேலையன்று. கணக்கைப் பாருங்கள். ஈரக் கையும் வெறுங்காலுமாக நிற்கும் ஒருவரின் உடல் ஏறத்தாழ ஆயிரம் ஓம் தடை கொண்டது என்று கொள்ளலாம். 230 வோல்ட் அவரைப் பிடித்தால் அவர் வழியே ஓடுவது 230 மில்லி ஆம்பியர். உயிரைப் பறிக்க அது தாராளமாகப் போதும். 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கோ அது தன் அளவில் எழுபதில் ஒரு பங்கு. அது அசையவே அசையாது. மனிதர் துடித்துக்கொண்டிருப்பார், எம்.சி.பி. 'எல்லாம் நலம்' என்று நிமிர்ந்து நின்றுகொண்டிருக்கும்.

அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் டால்சியல் என்பவர், தாமே முன்வந்தவர்களைக் கொண்டு ஓர் ஆராய்ச்சி செய்தார். மின்கம்பியைப் பற்றிய கையைத் தானாக விடுவித்துக்கொள்ள முடியும் எல்லை எது என்பதே அவர் தேடிய விடை. ஆண்களுக்குச் சராசரி 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்குச் சராசரி பத்தரை மில்லி ஆம்பியர் என்று கண்டார். அதற்கு மேல் போனால் கை இறுகிக்கொள்ளும். விட நினைத்தாலும் விட இயலாது. சமையற்கட்டில் அதிக நேரம் நிற்பவர்களுக்கே அந்த எல்லை குறைவு என்பதைக் குடும்பத் தலைவர்கள் மனத்தில் கொள்ளவேண்டும்.

அப்படியானால் உயிரைக் காப்பது எது? இரண்டு. ஒன்று, எர்த் என்னும் மூன்றாவது கம்பி. மற்றொன்று, ஆர்.சி.சி.பி. என்னும் சிறு கருவி.

மூன்றாவது கம்பி செய்யும் வேலை

பேஸ், நியூட்ரல் என்னும் இரண்டு கம்பிகள் மின்கம்பத்திலிருந்து வீட்டுக்கு வருகின்றன. ஒன்றில் வந்து மற்றொன்றில் திரும்பும் மின்சாரத்தால்தான் அடுப்பு எரிகிறது, மோட்டார் சுழல்கிறது. எர்த் கம்பிக்கு அன்றாடம் எந்த வேலையும் இல்லை. அது கருவியின் உலோக உடலிலிருந்து புறப்பட்டு, சுவர் வழியே சென்று, பெரும்பாலும் நமது வீட்டு நிலத்திலேயே தோண்டிய எர்த் குழியில் போய் முடிகிறது.

கிரைண்டருக்குள் பேஸ் கம்பியின் மேலுறை தேய்ந்து அதன் உலோக உடலில் பட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். எர்த் இல்லையென்றால் அந்த உடல் முழுவதும் 230 வோல்ட்டோடு காத்திருக்கும். கிரைண்டர் வழக்கம்போல் சுழலும். வெளியே எந்த அடையாளமும் தெரியாது. ஈர மாவை வழிக்கக் கை வைக்கும் அந்தக் கணத்தில்தான் தெரியும். எர்த் சரியாக இருந்தால், கசிந்த மின்சாரம் தடை குறைந்த வழியாக நிலத்துக்குப் பாயும். அந்தப் பெரும் பாய்ச்சலில் எம்.சி.பி. விழுந்துவிடும்.

மூன்று முள் ப்ளக்கில் எர்த் முள் மட்டும் ஏன் நீளமாகவும் பருமனாகவும் இருக்கிறது? செருகும்போது அது முதலில் உள்ளே போகவேண்டும். பிடுங்கும்போது கடைசியில் வெளிவரவேண்டும். மின்சாரம் கருவிக்குள் இருக்கும் நேரமெல்லாம் காவலும் உடனிருக்க வேண்டும் என்னும் ஏற்பாடு அது. அந்த முள்ளை உடைத்துவிட்டுச் செருகுகிறவர்களும், இரண்டு முள் ப்ளக்கை மாட்டிக்கொள்கிறவர்களும் காவலாளியை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்துகிறார்கள்.

பாறை நிலமும் எர்த் குழியும்

இங்கேதான் சேலம், நாமக்கல் சமவெளிக்கே உரிய ஒரு சிக்கல் வருகிறது. எர்த் குழி வேலை செய்ய வேண்டுமானால் மண்ணில் ஈரம் வேண்டும். காய்ந்த மண் மின்சாரத்தைக் கடத்தாது. அதனால்தான் ஏறத்தாழ எட்டடி நீள இரும்புக் குழாயை இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் இட்டு, மேலே தண்ணீர் ஊற்ற ஒரு வாயும் வைக்கிறார்கள்.

நமது நிலம் எப்படிப்பட்டது? நாமக்கல்லில் ஊர் நடுவே ஒரே கல்லாக எழுந்து நிற்கும் மலை, கீழே என்ன இருக்கிறது என்பதைச் சொல்லாமல் சொல்கிறது. மேலே சிறிது செம்மண், அதன் அடியில் கடும்பாறை. நாடெங்கும் ஆழ்துளைக் கிணறு தோண்டப் போகும் ரிக் வண்டிகளுக்குத் திருச்செங்கோடு பெயர் பெற்றிருப்பதை எண்ணிப் பாருங்கள். குடிதண்ணீருக்காக நூற்றுக்கணக்கான அடிகள் கீழே போகவேண்டியிருக்கும் மண்ணில், எட்டடி ஆழத்து எர்த் குழி சித்திரை, வைகாசி மாதங்களில் ஈரமாக இருக்குமா? பரமத்தி வேலூர், மோகனூர் போன்ற காவிரிக் கரை ஊர்களில் இருக்கலாம். ராசிபுரத்தின் மேட்டு நிலத்தில் இருக்கும் என்று நம்பிவிட முடியாது.

எர்த் குழி காய்ந்தால் நேரும் விளைவு பலருக்குத் தெரியாது. ஈரமான குழியின் தடை 4 ஓம், மின்மாற்றிப் பக்கத்துத் தடை 1 ஓம் என்று கொள்வோம். கிரைண்டரில் கசிவு ஏற்பட்டால் 46 ஆம்பியர் பாயும். 16 ஆம்பியர் எம்.சி.பி. ஒரு நிமிடத்துக்குள் விழுந்துவிடும். அதே குழி காய்ந்து, தடை 50 ஓம் ஆகிவிட்டால் பாய்வது வெறும் நாலரை ஆம்பியர். எம்.சி.பி. விழவே விழாது. அத்தோடு முடிந்ததா? இல்லை. கிரைண்டரின் உடலில் ஏறத்தாழ 225 வோல்ட் அப்படியே நிற்கும். அதே எர்த் கம்பியில் பிணைக்கப்பட்ட குளிர்சாதனப் பெட்டி, சலவை இயந்திரம், நீரேற்றும் மோட்டார் ஆகிய எல்லாவற்றின் உடலிலும் அந்த மின்சாரம் ஏறி நிற்கும்! கிரைண்டரின் குறை, அதைத் தொடாமல் குளிர்சாதனப் பெட்டியைத் திறக்கப்போன பிள்ளையைத் தாக்கும். காவலாளியே கள்வனுக்குக் கதவு திறந்துவிட்ட கதைதான் இது.

"தொட்டால் லேசாக எர்த் அடிக்கிறது" என்று நமது வீடுகளில் சாதாரணமாகச் சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வேலையைத் தொடர்வார்கள். லேசாக அடிப்பது ஓர் எச்சரிக்கை. அன்று கால் காய்ந்திருந்தது. அதனால் லேசாக அடித்தது. நாளை ஈரமாக இருந்தால் என்ன ஆகும்?

ஆகவே எர்த் குழிக்குக் கோடையில் இரண்டு நாளுக்கு ஒருமுறையேனும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். குழி எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் சிமென்ட் பூசிவிட்ட வீடுகள் பல உண்டு. முதலில் அதைத் தேடிக் கண்டுபிடியுங்கள். அதற்குரிய அளவுகருவியைக் கொண்டு எர்த்தின் தடையை அளந்து சொல்லும்படி மின்பணியாளரிடம் கேளுங்கள். மழைக்காலத்தில் அளப்பதைவிடக் கோடையில் அளப்பதே உண்மையைக் காட்டும். 5 ஓமுக்குள் இருப்பது நலம்.

முப்பது மில்லி ஆம்பியர் காவல்

பாறை நிலத்தில் எர்த்தை மட்டும் நம்பியிருக்க முடியாது என்பதால்தான் ஆர்.சி.சி.பி. இன்றியமையாததாகிறது. இதன் தத்துவம் எளிது. பேஸில் எவ்வளவு மின்சாரம் உள்ளே போகிறதோ அவ்வளவும் நியூட்ரலில் திரும்பி வரவேண்டும். போனதும் வந்ததும் சமமா என்று இக்கருவி ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. குறைந்தால், அந்தக் குறை எங்கோ ஒரு வழியில் நிலத்துக்குக் கசிகிறது என்று பொருள். அந்த வழி ஒரு மனித உடலாகவும் இருக்கலாம். உடனே அது மின்சாரத்தைத் துண்டித்துவிடும்.

வீட்டுக்கு வாங்கவேண்டியது 30 மில்லி ஆம்பியர் அளவுடையது. கடையில் 100, 300 மில்லி ஆம்பியர் அளவுகளும் கிடைக்கும். அவை உயிர்காக்கப் போதா. 30 மில்லி ஆம்பியர் கசிந்தால் 0.3 நொடிக்குள்ளும், அதன் ஐந்து மடங்கு கசிந்தால் 0.04 நொடிக்குள்ளும் அது விழவேண்டும் என்பது தர விதி. மேலே சொன்ன காய்ந்த குழியில் நாலரை ஆம்பியர் பாய்ந்தபோது எம்.சி.பி. அசையவில்லை அல்லவா? ஆர்.சி.சி.பி.க்கு அது தன் எல்லையைப் போல நூற்றைம்பது மடங்கு. கண்ணிமைக்கும் நேரத்தில் விழுந்துவிடும்.

இரண்டு செய்திகளை நினைவில் வையுங்கள். முதலாவது, ஒருவர் பேஸை ஒரு கையிலும் நியூட்ரலை மறு கையிலும் ஒருசேரப் பிடித்தால் இக்கருவியால் அறிய இயலாது. இரண்டாவது, இது கம்பியின் சூட்டைக் கவனிக்காது, எனவே எம்.சி.பி.யும் உடன் வேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று துணை. ஆர்.சி.சி.பி.யின் முகப்பில் சோதனைப் பொத்தான் ஒன்று இருக்கும். மாதம் ஒருமுறை, மறதி வராமலிருக்கப் பிறை பார்த்த மறுநாள் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதை அழுத்திப் பாருங்கள். உடனே விழவேண்டும். விழாவிட்டால் மாற்றவேண்டும்.

அடிக்கடி விழுகிறது என்பதற்காக அதைக் கழற்றிவிட்டு நேரடியாக இணைக்கச் சொல்கிறவர்கள் உண்டு. குரைக்கும் நாயை விரட்டிவிட்டுக் கதவைத் திறந்து வைப்பது போன்றது அது. எந்தக் கருவியைப் போட்டால் விழுகிறது என்று ஒவ்வொன்றாகச் செருகிப் பாருங்கள். குற்றவாளி தானாக அகப்படும்.

மின்னடுப்புக்குப் பாயிண்ட் அமைக்கும் முறை

இவ்வேலையை நீங்களே செய்யவேண்டாம். அரசின் மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் சான்றிதழ் பெற்ற கம்பியாளரை அழையுங்கள். ஆனால் அவர் என்ன செய்கிறார் என்பதை அறிந்து மேற்பார்வையிடுவது உங்கள் பொறுப்பு. கேட்கவேண்டியவை இவை:

1. மின்னடுப்புக்கு மின்பெட்டியிலிருந்து தனிக்கம்பி வரவேண்டும். விளக்குக் கம்பியிலிருந்து கிளை பிரிக்கக் கூடாது.

2. ஓர் அடுப்புள்ள 2000 வாட் கருவிக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பி போதும். இரண்டு அடுப்புகள் சேர்ந்த 3500 வாட் கருவி 15 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அதற்கு 4 சதுர மில்லிமீட்டர் போடுங்கள். விளக்குகளுக்குப் போடும் 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பி இதற்கு ஆகாது. கம்பியின் மீது ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கட்டும்.

3. பேஸ், நியூட்ரலோடு பச்சை நிற எர்த் கம்பியும் கட்டாயம் உடன் வரவேண்டும். எர்த் துளையை நியூட்ரலோடு சேர்த்து முடிந்துவிடும் குறுக்கு வழியை அனுமதிக்காதீர்கள். நியூட்ரல் எங்கேனும் அறுந்தால் கருவியின் உடல் முழுவதும் மின்சாரம் ஏறிவிடும். தண்ணீர்க் குழாயில் எர்த் கட்டுவதும் வேண்டாம். இன்றைய குழாய்கள் பிளாஸ்டிக்கால் ஆனவை.

4. கம்பி குழாய்க்குள் இடையிலே ஒட்டில்லாமல் ஓடட்டும். முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு சுவருக்குள் இருக்கவே கூடாது.

5. சாக்கெட்டை நேரே பார்த்து நின்றால் மேலே எர்த், வலப்பக்கம் பேஸ், இடப்பக்கம் நியூட்ரல் இருக்கவேண்டும். சுவிட்ச் பேஸ் கம்பியைத்தான் துண்டிக்கவேண்டும். மாறியிருந்தால் சுவிட்சை அணைத்த பிறகும் கருவிக்குள் மின்சாரம் நிற்கும்.

6. 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பிக்கு 16 ஆம்பியர் எம்.சி.பி. வையுங்கள். அடிக்கடி விழுகிறது என்று 32 ஆம்பியருக்கு மாற்றாதீர்கள். பழைய பியூஸ் கட்டையாக இருந்தால் அதற்குரிய கம்பியைத்தான் போடவேண்டும். வயரிலிருந்து உரித்த செப்பு இழைகளைத் திரித்துப் போடக் கூடாது.

7. சாக்கெட்டும் சுவிட்சும் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அருகிலோ குழாய்க்கு மேலோ இருக்கக் கூடாது. நீர் தெறிக்காத தூரத்தில், மேடைக்குச் சற்று மேலே, கொதிக்கும் பாத்திரத்தைத் தாண்டிக் கை நீட்ட வேண்டியிராத பக்கத்தில் அமையட்டும்.

8. எக்ஸ்டென்ஷன் பெட்டியில் மின்னடுப்பைச் செருகவே கூடாது.

வேலை முடிந்ததும், எர்த் துளையில் உண்மையிலேயே எர்த் இருக்கிறதா என்று அளந்து காட்டச் சொல்லுங்கள். பேஸில் வைத்தால் ஒளிரும் திருப்புளி டெஸ்டர் இதற்குப் பயன்படாது. அது பேஸ் இருப்பதைக் காட்டும். எர்த் இருப்பதைக் காட்டாது.

ஸஹர் நேரத்து ஈரக் கைகள்

நமது வீடுகளுக்கென்று சில வேளைகள் உண்டு. ரமளானில் ஸஹருக்கு எழும் தாய் தூக்கக் கலக்கத்தோடு உளூச் செய்துவிட்டு, கையிலும் காலிலும் ஈரம் காயாமலே அடுப்பங்கரைக்கு வருகிறாள். கால்களில் செருப்பில்லை, தரையோ குளிர்ந்த ஓடு. மின்சாரத்துக்கு இதைவிட வசதியான வழி வேறில்லை. ஒரு துண்டை வாசலிலே மாட்டி வையுங்கள். கையையும் காலையும் துடைத்த பிறகே சுவிட்சைத் தொடுவது என்று வழக்கப்படுத்துங்கள். மேடைக்கு முன் ஒரு ரப்பர் விரிப்பு இருப்பது நலம்.

அந்த வேளையின் சுமையையும் கணக்கிடுங்கள். இண்டக்‌ஷன் அடுப்பு 2000, கெட்டில் 1500, குக்கர் 700, மேல்தொட்டிக்கு நீரேற்றும் மோட்டார் 750. மொத்தம் 4950 வாட், இருபத்தொன்றரை ஆம்பியர். பழைய வீட்டின் உள்வரும் கம்பியும் மெயின் பியூஸும் இதைத் தாங்குமா என்று கேட்டறியுங்கள். தாங்காதெனில் ஒன்றன்பின் ஒன்றாக இயக்குங்கள். நோன்பு திறக்கும் நேரத்திலும் இதே நிலைதான். வீட்டின் மின்சுமை கூடியிருந்தால் மின்வாரியத்தில் விண்ணப்பித்து அனுமதிக்கப்பட்ட அளவை உயர்த்திக்கொள்வதே முறை.

இரவில் உறங்குமுன் விளக்கையும் நெருப்பையும் அணைத்துவிடும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதும், எலி விளக்குத் திரியை இழுத்துச் சென்று வீட்டை எரித்துவிடக்கூடும் என்று எச்சரித்ததும் ஹதீஸ் நூல்களைப் படித்தோர் அறிந்ததே. இன்று திரி இல்லை. ஆனால் எலி இருக்கிறது, அது கடிக்கும் வயர் இருக்கிறது. உறங்கப் போகுமுன் அடுப்பு, கெட்டில், கிரைண்டர் ஆகியவற்றின் சுவிட்சை அணைத்து, ப்ளக்கையும் பிடுங்கி வைப்பது அந்த அறிவுரையைப் பின்பற்றுவதேயாகும். கிரைண்டரையும் மிக்ஸியையும் கழுவுமுன் ப்ளக்கைப் பிடுங்கியே ஆகவேண்டும். சுவிட்சை அணைத்தது மட்டும் போதாது.

வாடகை வீட்டில் இருப்போருக்கு

"சொந்த வீடென்றால் செய்யலாம், வாடகை வீட்டில் சுவரை உடைக்க முடியுமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். மின்பெட்டியில் ஆர்.சி.சி.பி. பொருத்தச் சுவரை உடைக்கவேண்டியதில்லை. எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றவும் யாருடைய அனுமதியும் தேவையில்லை. வீட்டுக்காரரிடம் கலந்து பேசிச் செலவைப் பகிர்ந்துகொள்ளலாம். அதுவரை மின்னடுப்பைப் பெட்டியிலேயே வைத்திருங்கள். வீட்டை வாடகைக்கு விட்டிருக்கும் சகோதரர்களுக்கும் ஒரு சொல்: சுண்ணாம்பு அடித்துக் கொடுப்பதைப் போலவே, எர்த்தைச் சரிபார்த்துக் கொடுப்பதும் குடியிருப்போருக்கு நாம் செய்யவேண்டிய கடமை. வீட்டை நம்பி வருகிறவரின் உயிர் நமது பொறுப்பிலல்லவா இருக்கிறது?

ஒருவரை மின்சாரம் பிடித்துவிட்டால்

பதறிப்போய் அவரைத் தொடாதீர்கள். தொட்டால் இருவராவீர்கள். முதலில் மெயின் சுவிட்சை அணையுங்கள். அது எங்கே இருக்கிறது என்பது வீட்டிலுள்ள பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரிந்திருக்க வேண்டும். அணைக்க முடியாவிட்டால், காய்ந்த பலகைமீது நின்றுகொண்டு, காய்ந்த மரக்கட்டையால் அவரைக் கம்பியிலிருந்து விலக்குங்கள். உடனே 108க்குத் தகவல் கொடுங்கள். மூச்சில்லையென்றால், ஆம்புலன்ஸ் வரும்வரை மார்பின் நடுவில் இரண்டு கைகளையும் வைத்து வலுவாகவும் விரைவாகவும் இடைவிடாது அழுத்திக்கொண்டே இருங்கள். எழுந்து நடமாடினாலும் மருத்துவரிடம் காட்டத் தவறாதீர்கள். வெளியே கம்பத்திலோ மின்வாரியக் கம்பியிலோ குறையிருந்தால் நீங்கள் கை வைக்காமல் மின்னகத்தின் 94987 94987 என்ற எண்ணுக்குத் தெரிவியுங்கள்.

மின்னடுப்பு வாங்க மூவாயிரம், நாலாயிரம் ரூபாய் செலவிடத் தயங்காத நாம், அதைப் பாதுகாப்பாகப் பொருத்த ஆகும் செலவை வீண் செலவாக எண்ணக் கூடாது. அடுத்த முறை சமையற்கட்டுக்குள் நுழையும்போது, சுவரிலுள்ள அந்தப் பெரிய துளையைப் பாருங்கள். அதன் பின்னால் பச்சைக் கம்பி இருக்கிறதா? அது போய்ச் சேரும் குழியில் ஈரம் இருக்கிறதா? மின்பெட்டியில் சோதனைப் பொத்தானுள்ள கருவி இருக்கிறதா? மூன்றுக்கும் 'ஆம்' என்று சொல்ல முடிந்தால் மாவரையுங்கள், சமையுங்கள், விருந்தாளிக்குத் தேநீர் காய்ச்சுங்கள். ஒன்றுக்கேனும் விடை தெரியாவிட்டால், இன்றே ஒரு கம்பியாளரை அழையுங்கள்.